தடாகத்தின் அடியில் கேட்ட தட்டல்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு மார்கழி மாதம். முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுப் பக்கம் போகும் வீதியில், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே இருக்கும் ஒரு விடுதியில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். விடுதியின் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு.

ஒரு பெண் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களே ஆச்சரியப்படுவார்கள். நான் முதலில் அறைகளைத் துப்புரவு செய்யத்தான் சேர்ந்தேன். தடாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. முகாமையாளர் என்னை நீர்கொழும்புக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். புதுக்குடியிருப்பிலிருந்து காலை பஸ்ஸில் வரும்போது, இந்த மாவட்டத்திலேயே இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தடாகத்தின் உட்புறம் வெள்ளைச் சீமெந்தும் பளிங்குத் தூளும் கலந்து பூசியது. அந்தப் பூச்சைத் தோலைப் போலப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தண்ணீரில் புளிப்பு ஏறினால் பூச்சை அரிக்கும். காரம் ஏறினால் சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாகும். அதனால் ஒவ்வொரு காலையும் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பேன். நைலோன் பிரஸால் மட்டுமே தேய்ப்பேன். கம்பிப் பிரஸைக் கிட்டவும் விடமாட்டேன். ஒரு கம்பி ஒடிந்து கிடந்தாலே அங்கே துருக்கறை பிடித்துவிடும். அசிட் ஊற்றிக் கழுவுவது கடைசி வழி. ஒவ்வொரு தரமும் அது பூச்சில் ஒரு படையைத் தின்றுவிடும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததால், கட்டி ஆறு வருடமாகியும் எங்கள் தடாகம் புதிதாகவே இருந்தது.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

ஆழமான பக்கத்தில், தரையில், ஒரு வட்டம் வரும். வெயில் காலத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. ஐப்பசி மழை இறங்கினதும் மெல்லச் சாம்பல் நிறத்தில் தொடங்கி, கார்த்திகையில் கபில நிறமாகி, மார்கழியில் கறுப்பாகிவிடும். பாசி என்றால் ஒழுங்கில்லாமல் படரும். துருவென்றால் கோடாக வடியும். இது அப்படியில்லை. கவராயம் வைத்துக் கீறினது போல, இரண்டு ஆள் கையை விரித்து நின்றால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில், அச்சான வட்டம். தண்ணீர் அசைந்தால் அதுவும் அசைகிற மாதிரி இருக்கும். லண்டனிலிருந்து வந்த ஒரு சின்னப் பிள்ளை தடாகத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, "அம்மா, கீழ ஒரு கண் இருக்கு" என்று சொல்லி இறங்கவே மறுத்துவிட்டது.

நான் அதைத் தேய்க்காத முறையில்லை. தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்தளவில் நின்று தேய்ப்பேன். மறுநாள் திரும்ப வரும். அந்த வட்டத்துக்குள் கால் வைத்தால் மட்டும் உள்ளங்கால் சில்லென்று குளிரும். வெளியே எடுத்து வைத்தால் குளிர் நின்றுவிடும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. படித்த வேலை செய்கிறவள் இப்படிக் கதைக்கலாமா என்ற வெட்கம்.

அந்த வருடக் கார்த்திகையில் இன்னொரு விசயமும் சேர்ந்துகொண்டது. விடுதியின் பக்கத்து வேலி வெறும் கம்பி வேலி. ஒருநாள் பின்னேரம் அதற்கு வெளியே ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சாரமும் வெள்ளைச் சேட்டும், தலையில் தொப்பி. முஸ்லிம் ஆள் என்று தெரிந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்களை அவர் பார்க்கவில்லை. ஆழமான பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோதும் கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்த்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். வட்டத்துக்கு நேர் மேலே.

எனக்கு உடம்பு ஒருமாதிரியாகிவிட்டது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, அந்த ஆளை அனுப்பிவிடச் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஒரு கிழமை கழித்து மறுபடியும் வந்து, அதே இடத்தில், அதே மாதிரி நின்றார். அன்றும் கை காட்டி அனுப்பச் சொன்னேன்.

தை மாதத்தில் எங்கள் விடுதியில் ஒரு கலியாணம் பதிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வருகிறார்கள். தடாகத்தைச் சுற்றி விளக்குப் போட்டு, மேலே ட்ரோன் விட்டுப் படமெடுப்பார்களாம். முகாமையாளர் விளிம்பில் நின்று வட்டத்தைப் பார்த்தார்.

"அக்கா, மேலயிருந்து படமெடுத்தால் இதுதானே முதல் தெரியும்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அடுத்து வந்த யோசனை என்னுடையதுதான். தண்ணீரை முழுதாக இறைத்து, அந்த இடத்தை மட்டும் அசிட்டால் கழுவி, தேவையென்றால் கொத்திப் புதிதாகப் பூசலாம் என்று சொன்னேன். தடாகத்தைக் கனநாள் வெறுமையாக விட்டால் வெயிலில் பூச்சு வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாரியில் வெயில் எங்கே இருக்கிறது, இதுதான் நல்ல நேரம் என்று நான்தான் விளக்கமும் கொடுத்தேன். முகாமையாளருக்கு இதெல்லாம் தெரியாது. என்னை நம்பித் தலையாட்டினார். கலியாணத்தைவிட, அந்த வட்டத்தை வெல்ல வேண்டும் என்ற பிடிவாதந்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டரைப் போட்டோம். இரண்டு பகல் ஓடியது. வியாழன் காலை நான் வந்தபோது தடாகம் வெறுமையாக இருந்தது. வானம் மூடியே கிடந்தது. தென்னைகளுக்குக் கீழே கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. காணி முழுக்கத் தவளைச் சத்தம்.

எனக்கு உதவிக்கு ஒரு மேசன் வந்திருந்தார். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். நாற்பது வயதிருக்கும். விடுதியின் சீமெந்து வேலைகளெல்லாம் அவர்தான். இரண்டு பேரும் ஏணியால் இறங்கினோம். அசிட் நிரம்பிய பிளாஸ்டிக் கான்கள் இரண்டையும் வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

வெறுமையான தடாகத்துக்குள் நின்றிருக்கிறீர்களோ தெரியாது. இறங்கினதும் கடல் சத்தம் நின்றுவிடுகிறது. தவளைச் சத்தமும் எங்கேயோ தூரத்துக்குப் போய்விடுகிறது. பேசின சொல் சுவரில் பட்டு, வேறு யாரோ சொல்வது போலத் திரும்பி வருகிறது. தரை முழுக்கக் காய்ந்து வெளுத்திருந்தது. வட்டம் மட்டும் காயவில்லை. அதன்மேல் வியர்வை மாதிரித் துளிகள். துணியால் துடைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி துளிகள் அரும்பின.

மேசன் பூச்சு எங்கே கழன்று விட்டிருக்கிறது என்று பார்க்கச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். மற்ற இடங்களில் கட்டியான சத்தம். வட்டத்துக்குள் தட்டினபோது பானையைத் தட்டினது போலப் பொள்ளல் சத்தம். அவர் கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கீழேயிருந்து அது வந்தது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக், டொக்.

"அக்கா, நீங்களா தட்டுனீங்க?"

"இல்லை."

நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். மறுபடி கேட்டது. பலத்த சத்தமில்லை. பூட்டின கதவை உள்ளேயிருந்து ஒருவர் மெல்லத் தட்டுவது போல. மேசன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான் மேல போறேன்க்கா. இந்த ஊருல மண்ணுக்குள்ள இருந்து சத்தம் வந்தா நான் நிக்க மாட்டேன். எனக்குப் புள்ளைங்க இருக்கு. நீங்களும் வாங்க."

"நீங்கள் போய் முகாமையாளரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அவர் ஏணியில் ஏறி ஓடிவிட்டார். முகாமையாளர் அந்த நேரம் முல்லைத்தீவு ரவுணுக்குப் போயிருந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் நின்றதற்குக் காரணம் வேறு.

எங்கள் பக்கத்தில் அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டி எதிலாவது முட்டினால், எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவோம். ஏன் நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. என் கணவர் கடைசி யுத்தத்தின்போது, "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவர். திரும்பி வரவில்லை. உயிரோடு பார்த்தவர்களும் இல்லை, உடலைப் பார்த்தவர்களும் இல்லை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. விண்ணப்பங்கள், விசாரணைகள் எல்லாவற்றுக்கும் போய் வந்தேன். பிறகு போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை, மகளின் படிப்பு, காலை பஸ் என்று வாழ்க்கை ஓடியது. மறந்துவிட்டேன் என்றுகூட நினைத்திருந்தேன்.

அவருக்கு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. கதவை இரண்டு தரம் தட்டுவார். கொஞ்சம் பொறுத்து ஒரு தரம் தட்டுவார். அதுதான் அவருடைய தட்டல்.

கீழேயிருந்து வந்த சத்தம் அப்படி இருக்கவில்லை. முதலில் ஒன்று, பிறகு இரண்டு என்றுதான் கேட்டது. ஆனால் தனியே நின்று கேட்கக் கேட்க, என் மனம் அதை அப்படி மாற்றிக்கொண்டுவிட்டது. நான் முழங்காலில் இருந்தேன். பிறகு அந்த ஈரத்தில் படுத்து, காதை வட்டத்தின் நடுவில் வைத்தேன். உள்ளே, ஆழத்தில், மூச்சு விடுவது போல ஒரு சத்தம். நடுநடுவே தட்டல்.

நான் விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினேன்.

சத்தம் நின்றது. எல்லாமே நின்றது. என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு கீழேயிருந்து பதில் வந்தது. டொக், டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் வாயைத் தரையோடு வைத்து, "நீங்களா?" என்று கேட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. என்மேல் ஒரு நிழல் விழுந்தது. மேலேயிருந்து ஒரு ஆண் குரல்.

"தங்கச்சி, எழும்புங்கோ. அதுக்குள்ள நிக்காதேங்கோ."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பில், சாம்பல் வானத்துக்கு எதிரே, அந்த மனிதர். வேலிக்கு வெளியே நின்றவர். வாசலால் எப்படி வந்தார், காவலாளி எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவரை உயிருள்ள மனிதர் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஆனால் பயம் வரவில்லை. கோபந்தான் வந்தது. நான் கேட்டுக்கொண்டிருப்பதை அவர் கெடுக்கிறார்.

"சத்தம் போடாதேங்கோ" என்றேன். "கீழ ஆள் இருக்கு."

அவர் விளிம்பில் குந்தினார். குரலைத் தணித்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"கீழ ஆள் இல்லை தங்கச்சி. கீழ எங்கட கிணறு. எங்கட வாப்பா வெட்டின கிணறு. நீங்கள் படுத்திருக்கிற இடந்தான் கிணத்து வாய்."

"கிணறா?"

"ஓம். மாரியில அந்தக் கிணறு வாய் முட்ட நிக்கும். கயிறு தேவையில்லை, குனிஞ்சு கையால அள்ளுவம். வெளியில பாத்தீங்களா? காணி முழுக்கத் தண்ணி. நீங்கள் மட்டும் அதுக்குக் கீழ காஞ்ச இடத்தில கிடக்கிறீங்கள். அந்தத் தண்ணி எங்க போகும்?"

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விளங்கவும் செய்தது. சுற்றிவர மண்ணுக்குள் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்று இந்தத் தொட்டியைக் கீழேயிருந்து தள்ளுகிறது. உள்ளே நிறைந்திருந்த தண்ணீரின் பாரந்தான் இத்தனை மாரிக்கும் அதை அமர்த்தி வைத்திருந்தது. அந்தப் பாரத்தை நான் இரண்டு நாளாக இறைத்து வெளியே விட்டிருக்கிறேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை. எழும்பினால் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க முடியாது. என்னைத் தவிர அதைக் கேட்க அங்கே வேறு யார் இருந்தார்கள்?

"நீங்கள் போங்கோ" என்றேன்.

அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆழமில்லாத பக்கத்துப் படியால் இறங்கினார். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரிந்த தரையில் மெல்ல மெல்ல வந்தார். ஐந்தாறு அடி தள்ளி நின்றார். என் கையைப் பிடிக்க அவர் முயலவில்லை. சுவரில் சாத்தியிருந்த நீளப் பிரஸ் தடியை எடுத்து, ஒரு நுனியை என் பக்கம் நீட்டினார்.

"உங்களுக்கு ஆர் எண்டு எனக்குத் தெரியாது. ஆரோ ஒருத்தர் இருக்கினம் எண்டு விளங்குது. ஆனா அவர் இதுக்குள்ள இல்லை. இதைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. நீங்கள் வராமல் நானும் போகமாட்டன். ரெண்டு பேருமா நிப்பம்."

அவர் நின்ற இடமும் நான் கிடந்த அதே தரை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இவருக்காகவும் யாராவது காத்திருப்பார்கள். நான் தடியைப் பிடித்தேன்.

எழும்பி நின்றபோது உள்ளங்காலுக்குக் கீழே தரை அசைந்தது. வள்ளத்துக்குள் காலை வைத்தால் அது மெல்ல ஏறி இறங்குமே, அது மாதிரி. அவர் தடியை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால். படிக்கு இரண்டு மூன்று அடி இருக்கும்போது, பனை முறிகிற மாதிரி ஒரு சத்தம். சுவரின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த நீல மாபிள் ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. நாங்கள் இரண்டு பேரும் படியில் விழுந்து, தவழ்ந்து ஏறினோம்.

திரும்பிப் பார்த்தேன். வட்டம் முழுதாக, ஒரு மூடியைப் போல, மேலே எழும்பியிருந்தது. பிறகு நடுவால் பிளந்தது. கறுப்பாகத் தண்ணீர் பீறிட்டு வந்தது. பலகை பலகையாக எழும்பிய சீமெந்து, அசிட் கான்கள் இரண்டையும் கவிழ்த்தது. நான் தலை வைத்துப் படுத்திருந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. காற்று கடல் பக்கமிருந்து வந்ததால் அது எங்கள் பக்கம் வரவில்லை.

மேசன் காவலாளியையும் குசினிச் சமையல் ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தபோது, நாங்கள் புல்லில் இருந்தோம். அந்த மனிதர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தண்ணீர் மளமளவென்று ஏறி, வெளியே காணியில் நின்ற மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தவளைகள்கூட நிறுத்தியிருந்தன.

யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அவர் தன் கதையை அப்போதுதான் சொன்னார். அந்தக் காணி அவருடைய தகப்பனுடையது. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றின நேரம், குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக நேர்ந்தது. புத்தளத்தில் வளர்ந்தார். தகப்பன் பிறகு காணியை விற்றுவிட்டு அங்கேயே மௌத்தாகி அடக்கமானார். இவர் சில வருடங்களுக்கு முன் திரும்பி வந்து, முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்கிறார்.

"உப்புக் காத்து அடிக்கிற இடம். ஆனா அந்தக் கிணத்துத் தண்ணி இனிக்கும்" என்றார். "அது எங்க இருந்தது எண்டு பாக்கத்தான் வந்தனான். நிலத்தில அடையாளம் ஒண்டும் இல்லை. தண்ணிக்குள்ள அந்த வட்டத்தைக் கண்டன். அளவு அப்படியே இருந்தது."

"நானா, அப்பவே ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"குளிக்கிற உடுப்போட ஆக்கள் நிக்கிற இடம். நான் என்னெண்டு உள்ளுக்கு வந்து கதைக்கிறது? முந்தநாள் பாதையால போகேக்க, உங்கட தண்ணி வாய்க்காலில பாய்ஞ்சு கொண்டிருந்தது. நேத்தும் பாய்ஞ்சது. இண்டைக்கு நிண்டிட்டுது. மனம் கேக்கேல்லை. வாசல்ல ஒருத்தரும் இல்லை, வந்திட்டன்."

பிறகு வவுனியாவிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து பார்த்தார். பழைய கிணற்றை இடிபாடுகளாலும் மணலாலும் தூர்த்திருக்கிறார்கள். யார், எப்போது என்று தெரியவில்லை. அது மெல்ல மெல்ல அமர்ந்து, தரைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. மாரியில் தண்ணீர் மேலே வரும்போது, தூர்த்த இரும்புகளின் துருவும் கசிந்து வட்டமாகத் தெரிந்திருக்கிறது. இறைத்த பிறகு, ஏறி வந்த தண்ணீர் காற்றைத் தள்ளி, விட்டுப்போயிருந்த பூச்சைத் தட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

ஒன்றுக்குக் காரணம் நான். தடாகத்தின் ஆழமான மூலையில் சின்ன மூடி ஒன்று இருந்தது. ஆவணியில் அதனால் கொஞ்சம் தண்ணீர் ஒழுகியதால், மேசனைக் கொண்டு சீமெந்து வைத்து அடைப்பித்திருந்தேன். தண்ணீர் வீணாகாமல் செய்தேன் என்று பாராட்டும் வாங்கியிருந்தேன். நிலத்தடித் தண்ணீர் மிஞ்சிப்போனால் தானாகத் திறந்து அழுத்தத்தைக் குறைப்பதற்கு வைத்த வால்வு அது என்று பொறியியலாளர் சொன்னார். பயிற்சியில் அதைப் பற்றிச் சொன்னார்களோ, நான்தான் கவனிக்கவில்லையோ தெரியாது. விடுதி முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், "ஆளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றார். கலியாணம் வேறு மண்டபத்தில் நடந்தது.

பங்குனியில், தண்ணீர் இறங்கின பிறகு, கிணற்றைத் தோண்டினார்கள். மூன்று நாள் தோண்டினார்கள். மூன்று நாளும் என் வேலையை விட்டுவிட்டு விளிம்பில் நின்றேன். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. உடைந்த கல், ஓட்டுத் துண்டுகள், துருப்பிடித்த கம்பிகள், ஒரு வாளியின் வளையம். வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் வெள்ளை மணலும் ஊற்றும் தெரிந்தபோது எனக்கு வந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொறியியலாளரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. நான் தட்டினது மூன்று, ஒரே சீராக. திரும்பி வந்தது இரண்டும், பிறகு ஒன்றும்.

இப்போது தடாகம் காணியின் மேட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. வால்வை ஒவ்வொரு ஐப்பசியிலும் நானே இறங்கிக் கையால் அசைத்துப் பார்க்கிறேன். மாரியில் தண்ணீரை இறைப்பதில்லை. கறை வந்தால் உடனே தேய்க்கப் போவதுமில்லை. எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிறேன். கிணற்றைச் சுற்றுக்கட்டு வைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்கள்.

அந்த மனிதரிடம் ஒரு விசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் அவருடைய கடைக்குப் போனேன். அவரை இரண்டு தரமும் அனுப்பச் சொன்னது காவலாளி இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவர் கருவாட்டை நிறுத்துக்கொண்டே தலையாட்டினார்.

"தெரியும் தங்கச்சி. நீங்கள் கை காட்டினதை நான் பாத்தனான்."

தராசிலிருந்த கருவாட்டைப் பையில் போட்டுக் கட்டினார். தன்னைத் துரத்தினவள் நான்தான் என்று தெரிந்தும், அன்று அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் இறங்கி வந்திருக்கிறார். வேலிக்கு வெளியே நிற்கிற எவரையும் பார்த்து அதற்குப் பிறகு என் கை அப்படி எழும்பியதே இல்லை.